நாபோத்துக்குக் கிடைத்த முதல் இருக்கை



விடுமுறை என்றால் நமக்கெல்லாம் மகிழ்ச்சிதான். ஆடித்தபசுக்கு மாவட்ட ஆட்சியர் உள்ளூர் விடுமுறை அறிவித்துவிட்டாரா என்று நம் சங்கரன்கோவில் பிள்ளைகள் ஆண்டுதோறும் ஆவலோடு கேட்பார்கள். அதற்கு ஈடாக எந்தச் சனிக்கிழமை பள்ளி நடக்கும் என்ற அடுத்த வரியை மட்டும் யாரும் வாசிப்பதில்லை! ஒரு நாளை யாருக்காக ஒதுக்குகிறோம், அந்த நாளில் யாரை உயர்த்துகிறோம், யாரை மறந்துவிடுகிறோம் என்பதைப் பெரியவர்களாகிய நாமும் அவ்வளவாக யோசிப்பதில்லை.

அமெரிக்காவில் இதைப் பற்றி முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வாக்குவாதம் நடக்கிறது. அக்டோபர் மாதத்து இரண்டாம் திங்கட்கிழமை அங்கே கொலம்பஸ் நாள். அதே நாளைப் பல மாநிலங்களும் நகரங்களும் இப்போது பூர்வகுடி மக்கள் நாள் என்று கொண்டாடுகின்றன. அங்கே வேலை பார்க்கும் பிள்ளைகளிடம் தொலைபேசியில் பேசிவிட்டு, அவர்களுடைய தாய் தகப்பன்மார் நம்மிடம் வந்து கேட்கிறார்கள்: "சாமி, கொலம்பஸ் நம்ம கத்தோலிக்கர்தானே? அவர் நாளை ஏன் எடுக்கிறாங்க?"

நல்ல கேள்வி. அந்த நாள் எப்படி வந்தது என்று தெரிந்தால்தான் பதில் சொல்ல முடியும்.

1891-ஆம் ஆண்டு மார்ச் மாதம் நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஒரு கும்பல் சிறைக்குள் புகுந்து இத்தாலியர் 11 பேரை அடித்தும் சுட்டும் கொன்றது. அந்தக் காலத்து அமெரிக்காவில் இத்தாலியர் என்றால் ஏழைகள், கூலிகள், கத்தோலிக்கர்கள். நாட்டுக்கு உண்மையாக இருக்க மாட்டார்கள் என்று சந்தேகிக்கப்பட்டவர்கள். அடுத்த ஆண்டு, கொலம்பஸ் கரை இறங்கிய நானூறாவது ஆண்டு நிறைவை நாடு முழுவதும் கொண்டாட அதிபர் ஹாரிசன் அறிக்கை விட்டார். 1882-இல் அருள்பணியாளர் மைக்கேல் மெக்கிவ்னி தொடங்கிய கத்தோலிக்க ஆண்களின் சபை கொலம்பஸ் பெயரையே தாங்கி நின்றது. "நாங்களும் இந்த நாட்டுக்காரர்கள், எங்களில் ஒருவர்தான் உங்களுக்கு முன்னோடி" என்று சொல்ல அந்த மக்களுக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. திருத்தந்தை பதின்மூன்றாம் லியோவும் 1892-இல் கொலம்பஸைப் புகழ்ந்து சுற்றுமடல் எழுதினார். ஆக, அந்த நாள் முதலில் ஆணவத்தில் பிறக்கவில்லை. மிதிபட்ட ஒரு சிறுபான்மை தலைநிமிரத் தேடிக்கொண்ட நாள் அது. சிறுபான்மையாக வாழும் நமக்கு அது புரியும்.

ஆனால், 1492 அக்டோபர் 12 அன்று அவர் இறங்கிய தீவில் ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்கள். தாயினோ மக்கள். அவரோ இந்தியாவுக்கு வந்துவிட்டதாக நினைத்து அவர்களுக்கு இந்தியர் என்று பெயர் வைத்தார். நம் பெயரைத்தான் அவர்கள் ஐந்நூறு ஆண்டுகளாகச் சுமக்கிறார்கள்! அடிமைத்தனமும் கட்டாய உழைப்பும் கப்பலோடு வந்த நோய்களும் சேர்ந்து, இரண்டு தலைமுறைக்குள் அந்த மக்களில் மிகப் பெரும்பாலோரை அழித்துவிட்டன. மிதிபட்ட ஒரு கூட்டம் தனக்குத் தேடிக்கொண்ட பெருமை, அதைவிட அதிகம் மிதிபட்ட இன்னொரு கூட்டத்தின் கல்லறைமேல் நின்றது. 1992-இல் ஐந்நூறாவது ஆண்டு வந்தபோது பெர்க்லி நகரம் அந்த நாளைப் பூர்வகுடி மக்களுக்குக் கொடுத்தது. மற்ற ஊர்கள் பின்தொடர்ந்தன. 2021-இல் அதிபர் பைடன் இரண்டு பெயர்களிலும் அறிக்கை வெளியிட்டார்.

இது எங்கோ நடக்கும் சண்டை என்று ஒதுங்கிவிடவும் முடியாது. கொலம்பஸ் தேடிவந்த கரை நம்முடையது. அந்தக் கரைக்கு உண்மையில் வந்து சேர்ந்தவர் வாஸ்கோ ட காமா. 1498 மே மாதம் கோழிக்கோட்டுக்கு அருகே அவர் இறங்கியதை, "இந்தியாவுக்குக் கடல்வழி கண்டுபிடித்தார்" என்று நாமெல்லாம் பள்ளியில் ஒரு மதிப்பெண் கேள்வியாகப் படித்தோம். ஆப்பிரிக்கக் கரையிலுள்ள மலிந்தியில், வழி தெரிந்த ஒரு மாலுமியை ஏற்றிக்கொண்டுதான் அவர் இங்கே வந்தார் என்பதை யாரும் கேட்கவில்லை. 1502-இல் இரண்டாம் முறை வந்தபோது, மெக்காவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ஒரு கப்பலைப் பெண்கள் பிள்ளைகளோடு எரித்தார் என்பதும் பாடத்தில் இல்லை. 1998-இல் அவர் வருகையின் ஐந்நூறாவது ஆண்டைக் கொண்டாடலாம் என்ற பேச்சு எழுந்தபோது கேரளத்திலும் கோவாவிலும் எதிர்ப்புக் கிளம்பியதில் வியப்பில்லை.

திருஅவைக்கும் இதில் பங்கு உண்டு. அதை மறைத்துப் பேசுவது மறையுரைக்கு அழகல்ல. 1455-இல் திருத்தந்தை ஐந்தாம் நிக்கோலாஸ் போர்த்துகல் அரசருக்கும், 1493-இல் திருத்தந்தை ஆறாம் அலெக்சாந்தர் ஸ்பெயின் அரசருக்கும் எழுதிய ஆணை மடல்கள், கிறிஸ்தவ அரசர் இல்லாத நிலங்களைப் பிடித்துக்கொள்ள உரிமை தந்ததாகப் பயன்படுத்தப்பட்டன. 1537-இல் திருத்தந்தை மூன்றாம் பவுல், அந்த மக்கள் விசுவாசத்துக்கு வெளியே இருந்தாலும் அவர்களுடைய சுதந்திரத்தையும் உடைமையையும் பறிக்கக்கூடாது என்று எழுதினார். அரசர்கள் எந்த மடலைப் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள் என்பதை நாம் ஊகிக்கலாம். பூர்வகுடி மக்களுக்கு இழைக்கப்பட்ட தீமைகளுக்காகத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் பொலிவியாவிலும் 2022-இல் கனடாவிலும் மன்னிப்புக் கேட்டார். 2023 மார்ச் 30 அன்று, "கண்டுபிடித்தவனுக்கே நிலம் சொந்தம்" என்ற அந்தக் கோட்பாட்டை ஏற்கவில்லை என்று வத்திக்கான் எழுத்திலேயே அறிவித்தது. கொலம்பஸ் நம்ம ஆள்தானே என்று கேட்ட பெற்றோருக்கு நம் பதில் இதுதான்: ஆமாம், நம்ம ஆள்தான், அதனால்தான் அவர் நாளைக் காப்பாற்ற நாம் வரிந்துகட்டத் தேவையில்லை.

அப்படியானால் வெளியிலிருந்து வந்தவர் எவருக்கும் நாள் கூடாதா? கன்னியாகுமரி மாவட்டத்தில் டிசம்பர் 3 அன்று உள்ளூர் விடுமுறை விடுகிறார்கள். கோட்டாற்றுப் புனித சவேரியார் திருவிழா. அவரும் போர்த்துகீசியக் கப்பலில் 1542-இல் வந்தவர்தான். அவர் செய்த எல்லாமே நமக்கு உவப்பானவை அல்ல. கோவாவுக்கு விசாரணை மன்றம் வேண்டுமென்று 1546-இல் அரசருக்கு எழுதியவரும் அவரே. ஆனால் கடற்கரை மக்களைச் சுரண்டிய போர்த்துகீசிய அதிகாரிகளைப் பற்றி அதே அரசருக்குக் கடுமையாக எழுதினார். 1544-இல் படையெடுப்புக்கு அஞ்சி குமரிமுனைப் பக்கம் பாறைகளில் ஒளிந்து பட்டினி கிடந்தவர்களைத் தேடி உணவோடு புறப்பட்டார். வந்து இறங்கியதற்காக அவருக்கு நாள் கிடைக்கவில்லை. இறங்கிய பின் யார் பக்கம் நின்றார் என்பதற்காகக் கிடைத்தது. நம் திருவழிபாட்டு நாள்காட்டியும் பெரும்பாலும் அப்படித்தான் கணக்குப் பார்க்கிறது. அதில் மெக்சிகோவின் பூர்வகுடி மகன் யுவான் தியேகோ இருக்கிறார். 2022 முதல் நம் தேவசகாயமும் இருக்கிறார். கொலம்பஸ் இல்லை.

இங்கே இறைவார்த்தையில் ஒரு பகுதியைத் திறப்போம். அரசர்கள் முதல் நூல், 21-ஆம் அதிகாரம். இஸ்ரியேல் ஊரில் நாபோத்துக்கு ஒரு திராட்சைத் தோட்டம். அரண்மனைக்குப் பக்கத்தில் இருப்பதால் ஆகாபு அதைக் கேட்கிறான், காய்கறி போட. வேறு நல்ல தோட்டம் தருகிறேன், இல்லையென்றால் பணம் தருகிறேன் என்கிறான். மூதாதையர் நிலத்தைத் தரமாட்டேன் என்கிறார் நாபோத்து. பிறகு நடந்தது தெரியும்: ஈசபேல், பொய்ச் சாட்சி, கல்லெறி.

நாம் வழக்கமாகத் தாண்டிப் போய்விடும் ஒரு வரி நடுவில் இருக்கிறது. ஈசபேல் முதலில் என்ன செய்தாள்? ஊர் முழுவதற்கும் ஒரு நோன்பு நாளை அறிவிக்கச் சொன்னாள். அந்த நாளில் நாபோத்தை மக்கள் முன்னிலையில் முதல் இடத்தில் அமர்த்தச் சொன்னாள். அரச முத்திரையோடு ஒரு பொதுநாள், மண்ணுக்குரியவனுக்கு முதல் இருக்கை. அன்று மாலைக்குள் அவன் ஊருக்கு வெளியே பிணம், தோட்டம் அரசனுக்கு. எலியா இறைவாக்கினர் அரசனைச் சந்தித்தது அந்த விழா மேடையில் அல்ல, பறிக்கப்பட்ட தோட்டத்தில்.

நம் நாட்டிலும் அப்படி ஒரு நாள் உண்டு. நவம்பர் 15, பழங்குடியினர் பெருமை நாள் என்று மத்திய அரசு 2021-இல் அறிவித்தது. பிர்சா முண்டா 1875-இல் பிறந்த நாள் அது. ஜார்க்கண்டில் அரசு விடுமுறை. அறிவித்தது நல்லதே, கொலம்பஸ் நாளைப்போல யாரிடமிருந்தும் பிடுங்க வேண்டியிராத நாள். பிர்சா சிறுவயதில் லூத்தரன் மறைப்பணியாளர்களின் பள்ளியில் படித்தவர். பிறகு அவர்களையும் ஆங்கிலேயரோடு சேர்த்தே எதிர்த்தார். 1899 கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவு அவருடைய ஆட்களின் அம்புகள் தேவாலயங்கள்மீதும் பாய்ந்தன. இருபத்தைந்து வயது நிறையுமுன், 1900 ஜூன் 9 அன்று ராஞ்சி சிறையில் இறந்தார். முண்டா நிலத்தை வெளியார் வாங்கிக் குவிக்கத் தடைபோடும் சோட்டா நாக்பூர் குத்தகைச் சட்டம் 1908-இல் வந்தது. அதை உருவாக்குவதில், முண்டாக்கள் நடுவே வாழ்ந்த இயேசு சபை அருள்பணியாளர் ஹோஃப்மன் உழைத்தார். அம்புக்குப் பதில் சட்டமாக வந்தது. மறைப்பணி வரலாற்றில் நாம் தலைநிமிர்ந்து சொல்லக்கூடிய பக்கங்களில் இது ஒன்று.

அந்தப் பக்கம் முடியவில்லை. திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்த அருள்பணியாளர் ஸ்டேன் சுவாமி அதே ஜார்க்கண்டில் ஆதிவாசிகளின் நிலத்துக்காகவும், விசாரணைக் கைதிகளாகவே ஆண்டுக்கணக்கில் கிடந்த அவர்களுடைய இளைஞர்களுக்காகவும் உழைத்தார். 2020 அக்டோபரில் கைது செய்யப்பட்டார். தம்மீது சொல்லப்பட்டதை மறுத்தார். நடுக்குவாத நோயால் டம்ளரைப் பிடிக்க முடியாத 84 வயது முதியவர், பிணை கிடைக்காமலே, விசாரணை தொடங்குமுன் 2021 ஜூலை 5 அன்று இறந்தார். பழங்குடியினர் பெருமை நாள் அறிவிக்கப்பட்டது அதே ஆண்டு நவம்பரில். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது நாபோத்தின் இருக்கை நம் நினைவுக்கு வராமல் இருக்காது.

நமக்கு ஜார்க்கண்ட் தூரம். வாசுதேவநல்லூர் தூரமில்லை. அதற்கு மேற்கே தலையணை மலையடிவாரத்தில் பளியர்கள் வாழ்கிறார்கள். தேனும் கல்பாசியும் நம் கடைத்தெருவுக்கு வரும் வழி எங்கே தொடங்குகிறது என்று நாம் எப்போதாவது கேட்டிருக்கிறோமா? 2011 கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் பழங்குடியினர் 7,94,697 பேர், நூற்றுக்கு ஒருவர். வாக்குக்காகத் தேடிப்போகிற அளவுக்கு அவர்கள் எண்ணிக்கை இல்லை. 2006-இல் வந்த வன உரிமைச் சட்டப்படி, 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து அனுபவித்துவரும் வன நிலத்துக்கு, 4 ஹெக்டேர் வரை, பழங்குடிக் குடும்பம் உரிமை கோரலாம். தேன் போன்ற சிறு வனப்பொருள்களைச் சேகரித்து விற்கும் உரிமையும் அதில் உண்டு. மனு கிராம சபையில் தொடங்க வேண்டும். அதற்குச் சாதிச் சான்றிதழ் வேண்டும், சாட்சியம் வேண்டும், படிவம் நிரப்பத் தெரிந்த ஆள் வேண்டும். அலுவலகத்துக்கு அலைந்தால் ஒரு நாள் கூலி போகும்.

நவம்பர் 15 வருகிறது. அவர்களை மேடைக்கு அழைத்து, முதல் வரிசையில் உட்காரவைத்து, பொன்னாடை போர்த்திப் படம் எடுக்கலாமே என்று பங்குப் பேரவையில் ஒரு யோசனை வந்தது. நல்லெண்ணத்தில் வந்த யோசனைதான். ஆனால் நம் பங்கில் வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் இருக்கிறார்கள், வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள், கணினியில் மனு போடத் தெரிந்த இளைஞர்கள் இருக்கிறார்கள். மேடைக்குப் பதில் அந்த வாரத்தில் ஒரு நாள் மலையடிவாரத்துக்குப் போய், படிவம் நிரப்ப உதவி வேண்டுமா என்று அங்குள்ள பெரியவர்களிடம் கேட்போம். வேண்டாம் என்றால் கும்பிட்டுவிட்டுத் திரும்பி வருவோம். வானொலியில் கேட்டுக்கொண்டிருக்கும் அன்பர்கள் தங்கள் ஊருக்குப் பக்கத்து மலையை நினைத்துக்கொள்ளலாம்.

வர விரும்புகிறவர்கள் ஞாயிறு இரண்டாம் திருப்பலிக்குப் பின் பங்குப் பேரவைச் செயலரிடம் பெயர் கொடுங்கள். பொன்னாடை எதுவும் வாங்க வேண்டாம்.