அமெரிக்கா எழுந்தால் நம் தறி எழுமா?

2022-ஆம் ஆண்டு சித்திரை மாதம். ஆய்வுப் பணியை முடித்துக்கொண்டு கான்சாபுரத்தில் பஸ்ஸுக்காகக் காத்திருந்தோம். அவ்வூர் விவசாய அங்கத்தினர் சிலரும், பக்கத்து ஊர் நெசவாளர் சங்கத்தின் நிர்வாகக் கமிட்டியைச் சேர்ந்த பெரியவர் ஒருவரும் நம்முடன் இருந்தனர். பெரியவர் கையில் அன்றைய பத்திரிகை இருந்தது.

“அமெரிக்கா மந்தத்திலிருந்து மீண்டுவிட்டது என்று எழுதியிருக்கிறார்களே, ஐயா! மெய்தானா?” என்று அவர் கேட்டார்.

“மெய்தான்” என்றோம். புள்ளி விவரங்களை நாமும் படித்திருந்தோம். பட்டதாரி என்ற நினைப்பும் சிறிது உண்டு.

“அப்படியானால் துணிக்குக் கிராக்கி வரும், பஞ்சு இன்னும் ஏறும். இப்போதே நூலை வாங்கி இருப்பு வைப்பதுதானே புத்திசாலித்தனம்?”

நாம் ‘ஆம்’ என்று சொல்லவில்லை. ‘வேண்டாம்’ என்றும் சொல்லவில்லை. பஸ் வந்தது, ஏறிவிட்டோம்.

அச்சங்கம் தனது ரொக்கக் கடன் வரம்பில் பெரும் பகுதியை எடுத்து நூல் வாங்கிற்று. ஆவணி, புரட்டாசி மாதங்களில் நூல் விலை இறங்கலாயிற்று. ஏறிய விலையில் வாங்கிய நூலைக் கொண்டு நெய்த துணிக்கு, இறங்கிய விலையே கிடைத்தது. பணம் இருப்பில் முடங்கியதால் நெசவாளர் கூலி வாரக்கணக்கில் தாமதமாயிற்று. அவ்வாண்டு பங்கு ஈவு இல்லை. மறுமுறை நாம் சென்றபோது அப்பெரியவர் நம்மைக் குறைகூறவில்லை. “ஐயா, அமெரிக்கா மீண்டது என்றது பொய்யா?” என்று மட்டுமே கேட்டார்.

பொய்யன்று, ஆயினும் முழு மெய்யும் அன்று. அன்று பஸ் நிலையத்தில் சொல்லியிருக்க வேண்டிய பதிலைக் காலம் கடந்தேனும் அங்கத்தினர் அனைவர் முன்னும் வைப்பது நமது கடமை. அமெரிக்கா இனியும் விழும், இனியும் எழும். ஒவ்வொரு முறையும் இதே கேள்வி நமது மகாசபைகளுக்கு வந்து சேரும்.

மந்தம் முடிந்தது என்றால் என்ன?

அமெரிக்காவில் மந்தம் எப்போது தொடங்கிற்று, எப்போது முடிந்தது என்று தீர்மானித்துச் சொல்வது தேசியப் பொருளாதார ஆராய்ச்சிக் கழகம் என்னும் தனியார் ஸ்தாபனமாகும். 2007 டிசம்பரில் தொடங்கிய மந்தம் 2009 ஜூன் மாதத்தில் முடிந்தது என்று அக்கழகம் 2010 செப்டம்பரில் அறிவித்தது. ஆனால் அந்த அறிவிப்பிலேயே ஓர் எச்சரிக்கையும் இருந்தது. மந்தம் முடிந்தது என்பதால் நிலைமை நன்றாகிவிட்டது என்றோ, பொருளாதாரம் பழைய அளவுக்குத் திரும்பிவிட்டது என்றோ பொருளில்லை. வீழ்ச்சி நின்று ஏற்றம் தொடங்கிற்று என்பதே பொருள் என்று கழகம் தெளிவாகக் கூறிற்று.

பிளவக்கல் அணையை அறிந்த கான்சாபுரத்து விவசாயிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கோடையில் நாளுக்கு நாள் இறங்கிய நீர்மட்டம் ஒரு நாள் இறங்குவதை நிறுத்தி, முதல் மழைக்கு ஓரடி ஏறுகிறது. ‘இறக்கம் நின்றது’ என்று அன்று சொன்னால் அது உண்மை. அதை நம்பி அன்றே நாற்றுப் பாவுகிறவர் உண்டா? மடை திறக்கும் மட்டம் வேறு. இறக்கம் நின்ற மட்டம் வேறு.

2009 ஜூனில் மந்தம் முடிந்தது. அதற்குப் பிறகு, அக்டோபரில்தான் அங்கு வேலையில்லாதோர் விகிதம் 10 சதவீதம் என்ற உச்சத்தை எட்டிற்று. அம்மந்தத்தில் பறிபோன வேலைகள் ஏறத்தாழ 87 லட்சம். வேலையிலிருப்போர் தொகை மந்தத்திற்கு முந்திய அளவை மீண்டும் தொட்டது 2014-ஆம் ஆண்டில். உற்பத்திக் கணக்கில் மீண்ட நாளுக்கும், தொழிலாளி வீட்டில் மீண்ட நாளுக்கும் இடையே ஐந்து ஆண்டுகள் கடந்தன.

பெருமந்தம் சொன்ன பாடம்

1929-இல் தொடங்கிய பெருமந்தம் இதைவிடக் கடுமையான பாடத்தைச் சொல்கிறது. அமெரிக்கப் பருத்தி 1929-இல் ராத்தல் 16 சென்டுக்கு மேல் விற்றது. 1931-இல் 6 சென்டுக்கும் கீழே போயிற்று. 1933-இல் உழைப்பாளர் நால்வரில் ஒருவருக்கு அங்கே வேலையில்லை. விலையைத் தூக்கி நிறுத்தும் பொருட்டு, வளர்ந்து நின்ற பருத்தியில் சுமார் ஒரு கோடி ஏக்கரை அவ்வாண்டு உழுது அழித்தார்கள்.

1933-க்குப் பின் உற்பத்தி ஏறிற்று. நான்கு ஆண்டுகள் ஏறியதைக் கண்டு ‘மீண்டுவிட்டோம்’ என்று எண்ணி, அரசாங்கம் செலவைச் சுருக்கிற்று. வங்கிகள் கட்டாயமாக வைத்திருக்க வேண்டிய இருப்பும் உயர்த்தப்பட்டது. 1937-இல் மறுபடியும் விழுந்தார்கள். 14 சதவீதம் வரை இறங்கியிருந்த வேலையின்மை 1938-இல் 19 சதவீதமாயிற்று. முழுமையான மீட்சி யுத்த காலத்தில்தான் வந்தது.

அந்த அலை நமது மாகாணத்தையும் அடித்தது. நெல்லும் பருத்தியும் விலை சரிந்தன. ஆனால் கடனும் வரியும் பழைய அளவிலேயே நின்றன. மலாயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர் திருப்பி அனுப்பப்பட்டனர். 1931 செப்டம்பருக்குப் பின், கஷ்டத்தில் விற்ற தங்கம் இந்தியாவிலிருந்து கப்பல் கப்பலாக வெளியேறிற்று. 1938-இல் சென்னை மாகாணத்தில் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவரும்படி நேர்ந்தது என்றால், அமெரிக்கக் கணக்கில் 1933-இல் தொடங்கிய ‘மீட்சி’ ஐந்து ஆண்டுகளாகியும் நமது உழவர் வீட்டை எட்டவில்லை என்றே கொள்ள வேண்டும்.

அதே காலத்தில் வேறொரு காட்சியும் உண்டு. 1936-இல் ராஜபாளையம் மில் நிறுவப்பட்டது. பஞ்சு மலிந்தால் விவசாயிக்கு நஷ்டம். நூற்பாலைக்கு அது அனுகூலம். ஒரே வட்டாரத்தில் ஒருவருக்கு ஏறுமுகமும் மற்றவருக்கு இறங்குமுகமும் ஏககாலத்தில் இருக்கக்கூடும். ஆகவே ‘மீண்டதா?’ என்று கேட்பதோடு, ‘யார் மீண்டார்?’ என்றும் கேட்க வேண்டும். அந்த நாட்களில் கைத்தறிக்காரருக்குத் துணையாக 1935-இல் தோன்றியதே இன்று நாம் கோ-ஆப்டெக்ஸ் என்று அழைக்கும் ஸ்தாபனம். சந்தை மீளும் வரை தனித்தனியே காத்திராமல், சேர்ந்து நூல் வாங்கி, சேர்ந்து துணி விற்பது என்ற முடிவு மந்த காலத்தில் பிறந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

2022-இல் நடந்தது என்ன?

இனி பெரியவரின் கேள்விக்கு வருவோம். 2020-இல் கொள்ளைநோயால் அமெரிக்காவில் உண்டான மந்தம் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, இரண்டே மாதங்கள் நீடித்தது. அவர்கள் சரித்திரத்தில் இதுவே மிகக் குறுகியது. எனினும் இரண்டு கோடிக்கும் மேற்பட்ட வேலைகள் பறிபோயின. அரசாங்கம் வீடுதோறும் பணம் அனுப்பிற்று. 2022 மத்தியில் அவ்வேலைகள் யாவும் திரும்பிவிட்டன. ஆகவே பத்திரிகை எழுதியது சரியே.

ஆனால் பஞ்சு விலை ஏறியது மக்கள் துணி வாங்கியதனால் மட்டுமன்று. கப்பல்கள் தாமதமாயின, சரக்கு வராமற் போகுமோ என்று அஞ்சிய பெரிய கடைகள் தேவைக்கு மிஞ்சி ஆர்டர் கொடுத்தன. 2020 ஏப்ரலில் ராத்தல் 50 சென்டு அளவில் கிடந்த பஞ்சு, 2022 மே மாதத்தில் நியூயார்க் சந்தையில் 150 சென்டைக் கடந்தது. நமது நாட்டில் 356 கிலோ கொண்ட ஒரு கண்டி லட்ச ரூபாயைத் தாண்டிற்று. அதே மே மாதத்தில்தான் வால்மார்ட் கம்பெனி, தனது சரக்கு இருப்பு ஓராண்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டதாக அறிவித்தது. கடைகளின் கிடங்கு நிரம்பிவிட்டது. மறுபுறம் ஜூன் மாதத்தில் அங்கு விலைவாசி ஓராண்டில் 9.1 சதவீதம் உயர்ந்திருந்தது. குடும்பங்கள் பெட்ரோலுக்கும் உணவுக்கும் செலவிட்டுத் துணியைத் தள்ளிப்போட்டன. அக்டோபர் இறுதியில் பஞ்சு விலை மே மாதத்து விலையில் பாதியளவுக்கு இறங்கிற்று.

இதில் நுட்பம் ஒன்று உண்டு. தீபாவளிக்கு முன் ஒரு ஜவுளிக்கடைக்காரர் நூறு சேலை வாங்கினால், நூறு சேலை விற்றுவிட்டது என்று பொருளல்ல. அலமாரி நிரம்பிற்று என்றே பொருள். அவை வீடுகளுக்குப் போன பின்புதான் அடுத்த நூறுக்கு ஆர்டர் வரும். அலமாரி நிரம்பும் காலத்தை மீட்சி என்று எண்ணி நாம் நூல் வாங்கினோம். வீடுகள் வாங்காத காலத்தில் துணியை விற்க நின்றோம்.

நமது கைத்தறிச் சேலையும் துண்டும் பெரும்பாலும் அமெரிக்காவுக்குப் போவதில்லையே என்று கேட்கலாம். துணி போகாவிடினும் பஞ்சு விலை வருகிறது. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கும், திருப்பூர் பனியனுக்கும், நமது குழித்தறிக்கும் நூலின் மூலம் பஞ்சே. ஏற்றுமதிக்காரர் போட்டியிட்டு வாங்கும்போது நமது சிட்ட நூலும் ஏறுகிறது. ஆகவே அமெரிக்க மீட்சி நம்மிடம் முதலில் செலவாகவே வந்து சேருகிறது. வரவாக வருமா என்பது பின்னரே தெரியும்.

கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

ஆகவே, ‘மீண்டுவிட்டது’ என்ற செய்தி வரும்போது நிர்வாகக் கமிட்டியார் நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நலம்.

முதலாவது: விலை ஏறிற்றா, விற்பனை ஏறிற்றா? சங்கத்தின் விற்பனையை ரூபாயில் மட்டும் பாராமல், எத்தனை உருப்படி விற்றது என்று பார்க்க வேண்டும். ரூபாய் ஏறி உருப்படி குறைந்திருந்தால் அது மீட்சியன்று.

இரண்டாவது: இருப்பு எங்கே இருக்கிறது? நம்மிடம் வாங்கும் கடையில் பழைய சரக்குத் தேங்கியிருக்கிறதா என்று விசாரிக்க வேண்டும். தேங்கியிருந்தால் இன்றைய ஆர்டரை நாளைய ஆர்டருக்கு அத்தாட்சியாகக் கொள்ளலாகாது.

மூன்றாவது: கூலிக்காரன் வீட்டில் என்ன நிலை? அமெரிக்காவில் வேலையின்மைக் கணக்கு இதைச் சொல்லும். நமது ஊரில் சங்கத்தின் தவணை தவறிய பாக்கிப் பதிவேடு சொல்லும். பாக்கி குறையாதவரை மீட்சி ஊருக்குள் நுழையவில்லை.

நான்காவது: இடையில் கதவு அடைபட்டிருக்கிறதா? வாங்குவோர் கையில் பணமிருந்தும் சரக்குப் போகாமலிருக்கலாம். 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குகள் பலவற்றின்மீது அமெரிக்கா விதித்த கூடுதல் வரி 50 சதவீதமாக உயர்ந்தபோது, அங்கே மந்தம் இல்லை; ஆயினும் திருப்பூரில் ஆர்டர் நின்றது. அதே மாதம் 19-ஆம் தேதி முதல் நமது அரசாங்கம் பஞ்சு இறக்குமதி வரியை ஆண்டிறுதி வரை நீக்கிற்று. ஆலைகளுக்கு அது ஆறுதல். பருத்தி விவசாயிக்கு அது கவலை. அவ்வரிகள் பின்னர் எவ்வாறு மாறினும், பாடம் மாறாது.

என்ன செய்வது?

நெசவாளர் சங்கங்கள் கையிலுள்ள ஆர்டருக்கும், வழக்கமான விற்பனையில் இரண்டு மூன்று மாதத் தேவைக்கும் மேல் கடன் வாங்கி நூல் இருப்பு வைத்தலாகாது. விவசாயிகள் மகசூல் முழுவதையும் ஒரே விலையை எதிர்பார்த்து நிறுத்திவைக்காமல், ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் பகுதி பகுதியாக விற்றல் நன்று. நல்ல ஆண்டின் லாபத்தைப் பங்கு ஈவாகவே கரைத்துவிடாமல், ஒதுக்கு நிதியைச் சட்டம் கேட்கும் குறைந்த அளவுக்கு மேலும் வளர்ப்பது நன்று. 

அமெரிக்கா மெய்யாகவே மீளுகிறது; ஒவ்வொரு முறையும் மீண்டிருக்கிறது. ஆனால் முதலில் உற்பத்தியும், அப்புறம் வேலையும், அதன்பின் குடும்பத்தின் கைப்பணமும் மீளுகின்றன. அவற்றிற்கெல்லாம் பின்னரே நமது தறிக்கு முறை வருகிறது.

சென்ற முறை கான்சாபுரம் வழியே போனபோது அப்பெரியவரை மறுபடியும் சந்தித்தோம். சங்கம் பழைய நஷ்டத்தைப் படிப்படியாக அடைத்துவிட்டதாம். கூலி வாரந்தோறும் தவறாமல் கிடைக்கிறதாம். கையில் பத்திரிகை அன்றும் இருந்தது. நூல் வாங்குவது பற்றி நாம் வினவினோம்.

“ஆர்டர் புத்தகத்தைப் பார்த்துத்தான், ஐயா” என்றார்.

பஸ் வந்தது. இம்முறை நாம் உடனே ஏறவில்லை. அந்தப் புத்தகத்தை வாங்கிப் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் புறப்பட்டோம்.