களத்துக் கணக்கும் கணினிக் கணக்கும்

கணினி நிரலாக்கத்தில் 'இட மடிப்பு' எனப்படுவது, ஒரு தொகுதியின் உறுப்புகளை இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாய் எடுத்து, முழுவதையும் ஒரே பெறுமானமாக ஒடுக்கும் முறையாகும். இதற்குத் தொடக்கப் பெறுமானம், உறுப்புகளின் பட்டியல், கைவசமுள்ள பெறுமானத்தோடு அடுத்த உறுப்பை இணைக்கும் விதி ஆகிய மூன்றும் வேண்டும். ஹாஸ்கெல் மொழியில் இது 'ஃபோல்ட்-எல்' எனவும், பைதன் மொழியில் 'ரெடியூஸ்' எனவும் வழங்கும்.

எண்களை வெறுமனே கூட்டுவதாயின் எத்திசையில் மடிப்பினும் விடை ஒன்றே. செயல்கள் வேறுபடுமிடத்து வரிசையே விடையைத் தீர்மானிக்கின்றது. கல்முனை வயற்களமொன்றைக் கற்பனையாகக் கொள்வோம். தொடக்கப் பெறுமானம் 100 மூடை நெல். பட்டியலில் இரு கழிவுகள் உள்ளன: முதலாவது, போடியாருக்குப் பாதி, அடுத்தது, விதைக்கும் உரத்துக்கும் பட்ட கடன் 20 மூடை. இடமிருந்து மடித்தால் 100 என்பது 50 ஆகி, பின் 30 ஆகின்றது. வலமிருந்து மடித்தால் 80 ஆகி, பின் 40 ஆகின்றது. எஞ்சுவதே குத்தகை விவசாயியின் பங்கு. முதல் வரிசையில் உற்பத்திச் செலவு முழுவதும் அவன் தலையில் விழுகின்றது. இரண்டாவதில் அதனை இருவரும் சரிபாதியாய் ஏற்கின்றனர்.

இலங்கையின் 1958ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டம் குத்தகையின் அளவுக்கு வரம்பிட்டது. அளவைப் போன்றே, அது மொத்த விளைச்சலிலிருந்தா, செலவு நீங்கிய மிச்சத்திலிருந்தா கழிக்கப்படுகின்றது என்பதும் வர்க்க நலன் சார்ந்த வினாவேயாகும். கணக்கில் பிழையேதும் இன்றியே 10 மூடை கைமாறிவிடுகின்றது. எனவே, எந்நிரலிலும் விதியை மட்டுமன்றி, பட்டியலின் வரிசையை வகுத்தவர் யார் என்பதையும் நாம் வினவுதல் வேண்டும்.