உங்களுக்குத் தெரியுமா? உட்கார்ந்தே வென்றவர்கள்

● மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டும் வேகத்தில் பனிமலைச் சரிவில் உட்கார்ந்தபடியே இறங்குகிறவர்கள் உண்டு. கீழே ஒற்றைச் சறுக்குப்பலகை, அதன்மேல் குலுக்கல் தாங்க ஷாக் அப்சார்பர், அதற்கும் மேலே இடுப்பை இறுக்கிப் பிடிக்கும் இருக்கை. கைகளில் நுனியில் குட்டிப் பலகை பொருத்திய இரண்டு ஊன்றுகோல். இதுதான் சிட்-ஸ்கீ. குளிர்காலப் பாராலிம்பிக்ஸ் 1976-லேயே தொடங்கிவிட்டது. ஆனால் சிட்-ஸ்கீ பந்தயங்கள் முறையாக இடம்பிடித்தது 1988-ல், ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரக்கில்.

● கனடாவின் ஜோஷ் டூயெக் முதலில் பயிற்சியாளர். பிறகுதான் பாரா வீரர். 2004-ல் ஒரு தாவலைச் செய்துகாட்டப் போய் விழுந்து முதுகுத்தண்டு முறிந்தது. 2010 வான்கூவரில் வெள்ளி, 2014 சோச்சியில் தங்கம். இடையில் 2012-ல் சிட்-ஸ்கீயோடு அந்தரத்தில் பின்குட்டிக்கரணம் வேறு! 2022 பெய்ஜிங் பாராலிம்பிக்ஸுக்குக் கனடா அணியைத் தலைமை தாங்கி அழைத்துப்போனவரும் இவரே.

● அந்தப் பெய்ஜிங் போட்டி வரை குளிர்காலப் பாராலிம்பிக்ஸில் இந்தியா ஒருமுறைகூடக் கலந்துகொண்டதில்லை. நம் விழுப்புரத்தில் பனி என்றால் மார்கழி விடியலில் புல் நனைவதோடு சரி. ஆனால் உட்கார்ந்து விளையாடுவதற்குப் பனிமலைதான் வேண்டும் என்று யார் சொன்னது?

● ஹரியானாவின் சோனிபட்டைச் சேர்ந்த அமித் சரோஹா ஹாக்கி ஆடிக்கொண்டிருந்தவர். 22 வயதில் கார் விபத்து. கழுத்துக்குக் கீழே உடம்பின் பெரும்பகுதி செயலிழந்தது. அவர் பிடித்துக்கொண்டது கிளப் எறிதல். நம் கர்லாக்கட்டையின் பேரப்பிள்ளை போன்ற சின்ன மரக்கட்டை, எடை 397 கிராம். விரல்கள் சரிவர மடங்காதவர்களுக்கும் இதை எறிய வழியுண்டு. தரையோடு பிணைத்த இருக்கையில் உடம்பைப் பட்டைகளால் கட்டிக்கொண்டு எறிய வேண்டும். இருக்கையின் உயரம் 75 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது. எறியும்போது உடம்பு இருக்கையைவிட்டு எழும்பினால் அந்த வீச்சு செல்லாது. 2013-ல் அர்ஜுனா விருது, 2014 ஆசிய பாரா விளையாட்டில் தங்கம், 2016 ரியோவில் நான்காம் இடம். இவ்வளவு ஆனபின் பலர் ஓய்ந்துவிடுவார்கள். சரோஹா ஆடிக்கொண்டே ஆள் தேற்ற ஆரம்பித்தார்.

அப்படித் தேறியவர்களில் ஒருவர் தரம்பீர். ஆழம் தெரியாமல் கால்வாயில் குதித்துப் பாறையில் அடிபட்டவர். 2024 செப்டம்பரில் பாரிஸ் பாராலிம்பிக்ஸ் இறுதிச்சுற்று. முதல் நான்கு வீச்சும் ஃபவுல். ஐந்தாவது 34.92 மீட்டர்: தங்கம், ஆசிய சாதனை. வெள்ளியும் இந்தியாவுக்கே; பிரணவ் சூர்மா 34.59 மீட்டர். அதே களத்தில் சரோஹாவும் எறிந்தார், கடைசி இடம். பதக்கத்தைத் தன் குருவுக்கே காணிக்கை என்றார் தரம்பீர். என்னைக் கேட்டால், அன்றைய பெரிய வெற்றி கடைசி இடத்தில் வந்தவருடையதுதான்.

● நம் ஊருக்கு வருவோம். விக்கிரவாண்டிப் பக்கம் பனையேறிகள் உண்டு. திண்டிவனம்–விழுப்புரம் நெடுஞ்சாலையில் லாரியும் பைக்கும் ஓய்வதே இல்லை. மரத்திலிருந்து விழுவதும் சாலை விபத்தும்தான் நம் கிராமங்களில் முதுகுத்தண்டு முறிவதற்கு முக்கியக் காரணங்கள். இப்படி முடங்கியவரை ‘பாவம், கிடக்கட்டும்’ என்று திண்ணையில் விட்டுவிடுவதுதான் நம் வழக்கம்.

● அப்படி முடங்கிவிடாத ஒருவரைப் பார்ப்போம். விழுப்புரத்தில் காட்பாடி ரயில் ஏறினால் திருவண்ணாமலை தாண்டி வேலூர் கண்டோன்மென்ட் வரும். அங்கே சிஎம்சி மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் விபத்தில் இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தார். பிறகு சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். வெளிநாடு சென்று மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, வேலூரில் அதற்கெனத் தனித்துறையை வளர்த்தெடுத்தார். 1966-ல் அங்கு எழுந்த மறுவாழ்வு மையம் நாட்டின் முன்னோடி.

● தமிழக அரசின் முதலமைச்சர் கோப்பையில் மாற்றுத்திறனாளிகளுக்கும் தனிப் பிரிவு இருக்கிறது. ஆரம்பப் போட்டிகள் மாவட்ட அளவிலேயே நடக்கின்றன. உங்கள் தெருவில் சக்கர நாற்காலியில் ஒரு தம்பியோ தங்கையோ இருந்தால், மாற்றுத்திறனாளிகளுக்கான யுடிஐடி அடையாள அட்டை கையில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குக் கூட்டிப்போங்கள். அப்படியே மாவட்ட விளையாட்டு அலுவலரையும் பார்த்துவிட்டு வாருங்கள்.