தவில் சத்தம் எங்கே போச்சு?

குட்டீஸ்! காரில் திருவண்ணாமலைக்குப் போயிருக்கிறீர்களா? திண்டிவனம், செஞ்சி என்று நீளும் சாலை. கார் ஸ்டீரியோவில் நாதஸ்வரக் கச்சேரி. 'இன்னும் சத்தமா வைங்கப்பா!' என்பீர்கள் நீங்கள். 'காது வலிக்குதுடா, குறைடா' என்பார் பின் சீட்டில் தாத்தா. அப்பா சத்தத்தைக் குறைப்பார்.

அப்போது ஒரு வேடிக்கை நடக்கும். நாதஸ்வரம் நன்றாகக் கேட்கும். தவிலின் 'தொம்... தொம்' மட்டும் காணாமல் போயிருக்கும்!

அதைத் திருடியது யார்? ஸ்டீரியோ இல்லை. உங்கள் காதுதான்!

காது செய்யும் குறும்பு

தவிலுக்கு இரண்டு பக்கம். விரல்களில் கூடு மாட்டி வாசிப்பது வலந்தலை. 'கணீர்' என்று ஒலிக்கும். குச்சியால் அடிப்பது தொப்பி. 'தொம்' என்று கனமாக ஒலிக்கும்.

ஒரு நொடிக்கு எத்தனை அதிர்வு என்பதை ஹெர்ட்ஸ் என்ற அளவால் சொல்கிறோம். அதிர்வு குறைந்தால் கனத்த ஒலி. கூடினால் கீச்சு ஒலி. நம் காது 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். ஆனால், எல்லாவற்றையும் ஒரே மாதிரி கேட்காது! 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலி அதற்குச் சட்டென்று கேட்டுவிடும். கனத்த ஒலி என்றால் கொஞ்சம் மந்தம்தான்.

இதை 1933ல் அளந்து காட்டியவர்கள் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர். பிறகு வந்த விஞ்ஞானிகள் அந்த அளவுகளை இன்னும் துல்லியமாக்கினார்கள்.

ஓர் உதாரணம் பாருங்கள். 1,000 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்று 40 டெசிபலில் கேட்கிறது. 100 ஹெர்ட்ஸ் ஒலியும் அதே அளவு சத்தமாகக் கேட்க வேண்டுமானால், ஏறக்குறைய 64 டெசிபல் வேண்டும்! சத்தம் 80 டெசிபல் என்று கூடும்போது, இந்த இடைவெளி ஏறக்குறைய பாதியாகிவிடும். அதாவது, சத்தம் குறையக் குறைய, கனத்த ஒலிதான் முதலில் மறையும்.

'லவுட்னெஸ்' எதற்கு?

பல ஸ்டீரியோக்களில் 'லவுட்னெஸ்' என்று ஒரு வசதி உண்டு. பெயரைப் பார்த்து, சத்தத்தைக் கூட்டுவதற்கு என்றுதானே நினைத்தீர்கள்? இல்லவே இல்லை! குறைந்த சத்தத்தில் கேட்கும்போது போடுவதற்குத்தான் அது. மறைந்துபோன கனத்த ஒலியை அது தூக்கிக் கொடுக்கும். சில ஸ்டீரியோக்களில் கீச்சு ஒலியையும் கொஞ்சம் கூட்டும். சத்தத்தை ஏற்றிவிட்டால், இதை அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் 'தொம் தொம்' மட்டுமே மிஞ்சும்.

சாம்பார் கணக்கு

'ஈக்வலைஸர்' என்பது என்ன? சாம்பாரில் உப்பு, புளி, காரத்தைத் தனித்தனியாகப் பார்த்துப் போடுவதுபோல, கனத்த ஒலி (பேஸ்), நடு ஒலி (மிட்), கீச்சு ஒலி (ட்ரெபிள்) மூன்றையும் தனித்தனியாகக் கூட்டவும் குறைக்கவும் உதவும் வசதி.

கார் நிற்கும்போது, அப்பாவுடன் சேர்ந்து செய்து பாருங்கள்:

1. எல்லாவற்றையும் பூஜ்யத்தில் வையுங்கள்.

2. நன்றாகப் பழகிய பாட்டு ஒன்றைப் பேச்சுச் சத்தத்தில் போடுங்கள்.

3. பாடும் குரல் தெளிவாக இல்லையா? வால்யூமை ஏற்றாதீர்கள். பேஸை ஒன்றிரண்டு படி குறையுங்கள். குரல் தானே முன்னால் வரும்.

4. காதைக் குத்துகிறதா? ட்ரெபிளைக் குறையுங்கள்.

கூட்டுவதைவிடக் குறைப்பதே நல்லது. ஏன்? பேஸை 3 டெசிபல் கூட்டினால், அந்த ஒலிக்கு இரண்டு மடங்கு மின்சக்தி வேண்டும். 10 டெசிபல் கூட்டினால் 10 மடங்கு! ஸ்டீரியோவால் அவ்வளவு கொடுக்க முடியாமல் போனால், 'கரகர' என்று ஒலி உடையும். ஸ்பீக்கரும் பாழாகலாம்.

ஊருக்குள் வந்தாச்சு!

செஞ்சி தாண்டி வேகமாகப் போகும்போது, டயர் இரைச்சலும் காற்றும் கனத்த ஒலியை மூடிவிடும். அதனால் சத்தத்தைக் கூட்டியிருப்போம். திருவண்ணாமலைக்குள் கார் மெதுவாக நுழைந்ததும் இரைச்சல் அடங்கிவிடும். பாட்டுச் சத்தம் மட்டும் அப்படியே இருக்கும்! இதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் ஆசிரமங்கள் இருக்கின்றன, வீடுகள் இருக்கின்றன. வெறுங்காலோடு பலர் அமைதியாக நடந்து வருவார்கள். 'கண்ணாடியை ஏற்றிவிட்டோமே' என்று நினைக்காதீர்கள். கனத்த ஒலி கண்ணாடியையும் தகட்டையும் தாண்டி எளிதாக வெளியே போய்விடும். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டருக்குக் குறையாத பகுதியை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம் என்கின்றன, 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள். பின்னால் வரும் ஆம்புலன்ஸின் சைரனும் அப்பா காதில் விழ வேண்டுமே!

முளைக்காத முடிகள்

நம் உள்காதில் நத்தை ஓடு போன்ற ஓர் உறுப்பு இருக்கிறது. அதில் மெல்லிய முடிகள் கொண்ட ஆயிரக்கணக்கான செல்கள் உண்டு. அதிக சத்தம் தொடர்ந்து தாக்கினால் அவை அழியும். தலைமுடி வெட்டினால் வளரும். இவை அழிந்தால், மறுபடி வளராது. ஒரு கை தூரத்தில் இருப்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால், சத்தம் அதிகம் என்று அர்த்தம்.

அதனால், இனிமேல் காரில் நீங்கள்தான் 'ஒலி அமைச்சர்'! தாத்தா 'குறைடா' என்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள். வால்யூமைக் குறைத்து, 'லவுட்னெஸ்' போடச் சொல்லுங்கள். தாத்தாவும் சிரிப்பார், தவிலும் திரும்பி வந்துவிடும். சரிதானே குட்டீஸ்?