அட்டை எதற்கு, கணினி எதற்கு?

உற்பத்தியைத் திட்டமிட ஈஆர்பி மென்பொருள் வாங்கியாகிவிட்டது, இனி சுவர்ப் பலகையும் அட்டையும் எதற்கு என்று பல தொழிற்சாலைகளில் கேட்கிறார்கள். டொயோட்டா இரண்டையும் வைத்திருக்கிறது, ஆளுக்கொரு வேலை.

அங்கே கான்பன் எனப்படும் இந்த அட்டை முறையை உருவாக்கியவர் தைச்சி ஓனோ. எடுத்த சரக்கின் இடத்தை மட்டும் நிரப்பும் அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டைப் பற்றி அறிந்து பிடித்த யோசனையை 1953இல் தன் மெஷின் ஷாப்பில் நடைமுறைப்படுத்தினார். பாகங்கள் உள்ள ஒவ்வொரு பெட்டியிலும் ஓர் அட்டை இருக்கும். பெட்டியைப் பயன்படுத்தத் தொடங்கியதும் அட்டை கழன்று, அந்தப் பாகத்தைச் செய்யும் இடத்துக்குத் திரும்பும். அட்டை வராமல் அங்கே ஒரு பாகமும் செய்யக் கூடாது. லைன் நின்றால் அட்டையும் நிற்கும். யாரும் எதையும் கணினியில் திருத்த வேண்டியதில்லை. கணினித் திட்டமோ காலையில் போட்டபடியே ஓடிக்கொண்டிருக்கும்.

சரி, அட்டைகள் எத்தனை வேண்டும்? ஒரு பாகம் நாளுக்கு 400 தேவை, நிரப்பிக் கொண்டுவர அரை நாள், பெட்டிக்கு 20, கையிருப்புக்காக 10 சதவீதம் கூடுதல் என்று வையுங்கள். அரை நாளுக்கு 200, கூடுதலோடு 220. இருபதால் வகுத்தால் 11 அட்டைகள். அந்த 400 எங்கிருந்து வரும்? மாத உற்பத்தித் திட்டத்திலிருந்து. அதைக் கணக்கிட்டு, சப்ளையர்களுக்கு முன்கூட்டியே அனுப்புவது கணினியின் வேலை. இன்று இந்த நேரத்தில் எதைச் செய்வது என்பதை அட்டை சொல்லும்.

எல்லாப் பொருளுக்கும் அட்டை ஒத்துவராது. எப்போதாவது தேவைப்படும் பாகம், கப்பலில் மாதக்கணக்கில் வரும் பாகம் ஆகியவற்றைக் கணினித் திட்டத்திடமே விட்டுவிடலாம். தினமும், ஏறக்குறைய ஒரே அளவில் போகும் பாகத்துக்குத்தான் அட்டை.

தகராறு வருவது பெரும்பாலும் ஸ்டாக் கணக்கில். தொழிலாளி பலகையிலும் எழுத வேண்டும், திரையிலும் பதிய வேண்டும் என்றால் இரண்டில் ஒன்று பொய்யாகிவிடும் (பெரும்பாலும் திரைதான்). அட்டையில் பார்கோடு இருந்தால் ஒரு ஸ்கேன் போதும். இன்னொரு வழி, முடிந்த பொருள் வெளியேறும்போது அதற்கான பாகங்களைக் கணினியே கழித்துக்கொள்வது. ஆனால் பாகப் பட்டியல் சரியாக இருக்க வேண்டும், கழிவையும் தனியே பதிய வேண்டும்.

மாதத் திட்டம் மாறும் ஒவ்வொரு முறையும் அட்டைகளின் எண்ணிக்கையை மறுபடி கணக்கிடுங்கள். விற்பனை குறைந்த பிறகும் பழைய அட்டைகள் சுற்றிக்கொண்டிருந்தால், தேவையில்லாத ஸ்டாக் சேர்வதற்கு அவையே காரணமாகிவிடும்.