ஊறுபட்ட கையும் சிம்பும்

தமிழிலே ‘கை’ என்னுஞ் சொல் உறுப்பொன்றை மட்டும் குறிப்பதன்று; ஒழுக்கம், பக்கம் முதலாய பொருள்களையும் தரும். கைத்தொழில், கைம்மாறு, கைகொடுத்தல், கைவிடுதல் என அச்சொல்லடியாகப் பிறந்த வழக்குகள் மிகப் பல. அவ்வாறிருந்தும், போரில் ஊறுபட்டோரைப் பற்றிப் பேசுமிடத்துக் காலிழந்தோரையே உலகம் முதலில் நினைக்கின்றது. இழந்த கால் எவர் கண்ணுக்கும் புலப்படும். அதற்கீடாகச் செயற்கைக் கால் பொருத்துதலும் கூடும். யாழ்ப்பாணத்தில் 1987 ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ஜெய்ப்பூர் நிலையம் அத்துறையில் ஆற்றிய தொண்டு பெரிது. ஆனால் உடலோடு ஒட்டியிருந்தும் மடங்காத கை எக்கணக்கிலும் எளிதில் ஏறுவதில்லை. அது சட்டைப் பைக்குள் மறைந்து விடுகின்றது. அத்தகைய கை உருவாகாமற் காப்பதற்கும், உருவாகிய பின் ஓரளவேனும் மீட்பதற்கும் உதவும் கருவியே சிம்பு.

நந்திக்கடல் நீரேரிக்கும் கீழைக்கடலுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் மணற்பரப்பிலுள்ளது முள்ளிவாய்க்கால். 2009 ஆம் ஆண்டின் முற்பகுதியில் பெருந்தொகையான மக்கள் அப்பக்கமாக நெருக்கப்பட்டனர். புதுக்குடியிருப்பு வைத்தியசாலை பெப்ருவரி முதல் வாரத்திலேயே கைவிடப்பட்டது. பின்னர் புதுமாத்தளனிலும், ஈற்றில் முள்ளிவாய்க்காலிலும் தற்காலிக வைத்தியசாலைகள் இயங்கின. பெப்ருவரி 10 ஆந் திகதி முதலாகச் சர்வதேசச் செஞ்சிலுவைக் குழுவினர் காயமுற்றோரைக் கடல்வழியே திருகோணமலைக்கும், பிற்பாடு புல்மோட்டைக்கும் கொண்டு சென்றனர். மே 9 ஆந் திகதிக்குப் பின் அவ்வழியும் அடைபட்டது. மருந்தும் இரத்தமும் அருகிய அந்நாள்களில் உயிரைக் காத்தலே முதற்கடன். எறிகணைச் சிதறல் துளைத்த கை, குருதி நிற்கும்படி துணியாற் சுற்றப்பட்டு, விழுந்த நிலையிலேயே கிடந்ததெனின் அதனைக் குறைகூறுதற்கு எவருக்கும் உரிமையில்லை. ஆயினும் காயம் ஆறும் காலத்தில் கை எந்நிலையிற் கிடந்ததோ, அந்நிலையிலேயே அது இறுகிப்போகும்.

அதன் காரணம் அறியத்தக்கது. ஊறுபட்ட கை வீங்கும். வீங்கிய கை தானாகவே ஒரு நிலையை நாடுகின்றது: மணிக்கட்டு உட்புறமாகத் தொங்கும், விரல்கள் உள்ளங்கையோடு சேரும் மூட்டுக்கள் நிமிரும், விரல்களின் நடுமூட்டுக்கள் மடங்கும், பெருவிரல் உள்ளங்கையோடு ஒட்டிக்கொள்ளும். நோவு குறைவாயிருத்தலின் நோயாளியும் அந்நிலையையே விரும்புவான். அங்கேதான் கேடு விளைகின்றது. விரலடி மூட்டின் இருபக்கங்களையும் கட்டியிருக்கும் இணையங்கள், மூட்டு மடங்கியிருக்கும்போது விறைத்தும் நிமிர்ந்திருக்கும்போது தளர்ந்தும் இருக்கும் இயல்பின. தளரவிட்ட கயிறு நனைந்து சுருங்கினாற்போல, நிமிர்ந்த நிலையில் வாரக்கணக்காக விடப்பட்ட இணையங்கள் குறுகிவிடுகின்றன. பின்னர் அம்மூட்டு மடங்க மறுக்கும். இதனாலேயே காயமுற்ற கைக்கு இடும் சிம்பு, மணிக்கட்டை 20 முதல் 30 பாகை வரை பின்னோக்கி நிமிர்த்தியும், விரலடி மூட்டுக்களை 70 முதல் 90 பாகை வரை மடக்கியும், விரல்களின் ஏனைய மூட்டுக்களை நேராக வைத்தும், பெருவிரலை உள்ளங்கையினின்றும் விலக்கியும் அமைக்கப்படுகின்றது. பார்ப்பதற்கு இயல்பற்ற நிலைபோலத் தோன்றினும், மீட்சிக்கு வழிவிடும் நிலை இதுவே. தசைநாண் அறுந்த கைக்கு மட்டும் இவ்வமைப்பு வேறுபடும். அதனை அறுவை வைத்தியரே வரையறுத்தல் வேண்டும்.

மணிக்கட்டை ஏன் நிமிர்த்த வேண்டும் என்பதை மாணவர் தம் கையிலேயே சோதித்தறியலாம். மணிக்கட்டை முற்றாக உட்புறம் மடக்கிக்கொண்டு ஓர் எழுதுகோலை இறுகப் பற்ற முயல்க, பிடி தளர்ந்துவிடும். மணிக்கட்டைச் சற்றே நிமிர்த்தியவுடன் பிடி உறுதிபெறும். புயவென்பு முறியும்போது அதனை ஒட்டிச் செல்லும் ஆரை நரம்பு ஊறுபடுதல் உண்டு. அப்போது விரல்களை மடக்கும் தசைகள் குறைவின்றியிருந்தும், மணிக்கட்டு தொங்கிவிடுதலால் மண்வெட்டிப் பிடியோ கரைவலைக் கயிறோ அக்கைக்கு அடங்காது. மணிக்கட்டைத் தாங்கும் ஒரு சிறு சிம்பு அன்றே அப்பிடியைப் பெரும்பாலும் மீட்டுத் தரும். நரம்பு மீண்டும் வளரும் வேகமோ நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீற்றர். மேற்கையிலிருந்து முன்கைத் தசைகளை அது அடைதற்குச் சில மாதங்கள் செல்லும். அத்துணைக் காலமும் தசைகள் நீண்டு நைந்துபோகாமலும் மூட்டுக்கள் இறுகாமலும் காப்பது சிம்பின் வேலை. அரந்தி நரம்பு பழுதுற்றால் மோதிரவிரலும் சிறுவிரலும் கொக்கிபோல் வளையும். விரலடி மூட்டுப் பின்னோக்கி வளையாதவாறு தடுக்கும் சிம்பு அவற்றை நிமிர உதவும். நடுநரம்பு பழுதுற்றாலோ பெருவிரல் ஏனைய விரல்களின் நுனியைத் தொடமாட்டாது. அவ்விடத்தில் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலுள்ள வெளி சுருங்காது காத்தல் வேண்டும்.

முழங்கை மிக விரைவில் இறுகும் மூட்டு. அன்றாடக் கருமங்களுட் பெரும்பாலானவற்றுக்கு அது 30 பாகையிலிருந்து 130 பாகை வரை மடங்கினாற் போதும் என்பது 1981 இல் வெளிவந்த ஓர் ஆய்வின் முடிவு. கையால் உண்ணும் மக்களுக்கு அம்மடக்கத்தின் அருமை சொல்லாமலே விளங்கும். இறுகிய முழங்கையை வலிந்து இழுத்து நிமிர்த்துவோர் அதற்குக் கேடே செய்கின்றனர். நைந்த தசையினுள்ளே புதிய என்பு தோன்றி மூட்டை நிரந்தரமாகப் பூட்டிவிடுதலும் உண்டு. திருகாணி பூட்டிய சிம்பினால் நோவின்றிச் சிறிது சிறிதாக நீட்டுதலே தக்க முறை.

இறுகக் கட்டுதலால் வருங் கேடு இதனினும் கொடிது. கட்டின் கீழே வீக்கம் மிகுந்து குருதியோட்டம் தடைபட, முன்கைத் தசைகள் சில மணி நேரத்திலேயே மாண்டு, கை நகம்போல் வளைந்துவிடும். இதனை 1881 இல் விரித்துரைத்தவர் ஜெர்மனிய அறுவை வைத்தியர் வொல்க்மன். மரத்திலிருந்து விழுந்து முழங்கைக்கு மேல் முறிந்த சிறுவரிடத்து இவ்வாபத்து மிகுதி. முறிவு நெரிவு வைத்தியரின் எண்ணெயும் மூங்கிற் பத்தையும் பலருக்குப் பயன்பட்டன என்பது உண்மையே. எனினும் கட்டிய பின் நோவு ஏறிக்கொண்டே போனாலும், விரல்களைப் பிறர் நிமிர்த்தும்போது பொறுக்கொணா வலி தோன்றினாலும், விரல் மரத்தாலும் வெளுத்தாலும், கட்டியவர் யாராயினும் அக்கட்டை அக்கணமே தளர்த்தி வைத்தியசாலைக்கு விரைதல் வேண்டும்.

உரிய காலத்திற் சிம்பு கிட்டாது இறுகிவிட்ட கைகளுக்கு வழி யாது? அவ்வழியைத் தெளிவுறக் காட்டிய இடங்களுள் ஒன்று போர்க்களமன்று, தமிழ்நாட்டுத் தொழுநோயாளரிடை எழுந்த வைத்தியப் பணி. கொல்லிமலையில் 1914 இற் பிறந்த ஆங்கில வைத்தியர் போல் பிராண்ட் 1946 இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயால் நரம்பு கெட்டுக் கொக்கியான விரல்களுக்கு, பழுதுறாத தசையின் நாணை மாற்றிப் பொருத்தி இயக்கமளித்தவர் அவர். ஆனால் இறுகிய விரலுக்கு அறுவை பயன்படாது. முதலில் அது நிமிர்தல் வேண்டும். அதற்கு அவர் கையாண்டது பரிசுச் சாந்து. விரலை வலியெழாத அளவுக்கு மட்டும் நீட்டி, அந்நிலையிற் சாந்துக் கூடு இட்டு, சில நாளில் அதனைக் கழற்றி, மேலுஞ் சிறிது நீண்ட நிலையில் மறுகூடு இடுவர். இவ்வாறு பன்முறை செய்ய விரல் நிமிரும். இழுவையால் இழையம் நீளுவதன்று, இடைவிடாத மென்மையான தூண்டலால் அது புதிதாக வளருகின்றது என்பது அவர் கண்ட விளக்கம். விலைமிக்க கருவி இல்லாமையே வன்னியின் பெருங்குறை என்போர் இவ்வரலாற்றைக் கருதுக. வேண்டியன சாந்தும், வாரந்தோறும் காட்டும் பொறுமையும், அப்பொறுமைக்கு இடந்தரும் சிகிச்சையாளர் தொகையுமே. நெடுந்தொலைவு பேருந்தில் வந்து செல்லும் நோயாளிக்கு இவற்றுள் ஈற்றிற் கூறியதே அரிது.

இன்று 60 முதல் 75 பாகைச் சூட்டு நீரில் இளகிக் கைமேல் படிந்து சில நிமிடத்தில் இறுகும் பிளாத்திக்குத் தகடுகள் வழக்கிலுள்ளன. அவை கிட்டாவிடத்து நீர்க்குழாய்ப் பிளாத்திக்கைச் சூடாக்கி வளைத்தும் சிம்பு செய்வர். எப்பொருளாற் செய்யினும் அது முன்கையின் நீளத்தில் மூன்றில் இரு பங்கைத் தாங்குதல் வேண்டும். விரலடி மூட்டுக்கள் மடங்குதற்குரிய மணிக்கட்டுச் சிம்பாயின், உள்ளங்கையின் மேல்வரியைக் கடந்து செல்லலாகாது. கழற்றிய பின் 20 நிமிடமாகியும் மறையாத செந்தடம் இருப்பின், அவ்விடத்திற் சிம்பைத் திருத்துதல் வேண்டும். நரம்பு கெட்ட கைக்கு நோவு தெரியாதாகலின், அங்கே தோலைக் காக்கும் காவல் கண்ணே. பெரும்பாலான சிம்புகளைக் குறித்த வேளைகளிற் கழற்றி விரல்களை இயக்குதலும் சிகிச்சையின் பகுதியாம். ஓயாது அணிந்த சிம்பு தானே இறுக்கத்தை விளைக்கும். வலை பின்னுவோர்க்கும் களை பிடுங்குவோர்க்கும் எழுதுவோர்க்கும் வேண்டும் பிடி வெவ்வேறாதலின், அளவெடுக்குமுன் அவர்தம் தொழிலைக் கேட்டறிதல் சிகிச்சையாளர் கடன். பிளாத்திக்குச் சிம்பை வெயிலில் நிற்கும் வாகனத்தினுள்ளும் அடுப்பங்கரையிலும் வைத்தல் ஆகாது. காலையிற் கைக்குப் பொருந்தியது மாலையில் உருக்குலைந்து கிடக்கும்.