ஓடையைக் காக்கும் விதி பாதையை மறுக்க அல்ல

மழைக்காலத்தில் ஒரு சாவு விழுந்தால் நம் குடியிருப்புகள் பலவற்றில் எழும் முதல் கேள்வி, "ஓடையில எவ்வளவு தண்ணி போகுது?" என்பதுதான். சுடுகாடு ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கும். இடுப்பளவு தண்ணீரில் பாடையைத் தோளில் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டும். சிறுபாலம் கேட்டு மனு கொடுத்தால், "அது நீர்நிலைப் புறம்போக்கு, கட்ட அனுமதி கிடையாது" என்று பதில் வருகிறது.

2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில் நடந்ததை நாடே பார்த்தது. பாலாற்றங்கரைக்குப் போகும் வழி வேலியால் அடைபட்டிருந்ததால், தலித் ஒருவரின் உடலைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து இதை விசாரணைக்கு எடுத்தது. அங்கே ஆற்றைக் கடக்கப் பாலம் இருந்தது. அதிலிருந்து இறங்கிச் சுடுகாட்டுக்குப் போகத்தான் வழி இல்லை.

நீர்நிலைகளைக் காக்கும் விதிகள் நமக்கும் வேண்டியவை. பெரும்பாலும் தாழ்வான இடத்தில் குடியிருப்பவர்கள் நாம்தான். ஓடை அடைபட்டால் முதலில் தண்ணீர் நுழைவது நம் வீட்டுக்குள். போதிய கண் வைக்காமல் கட்டிய பாலம் அணை போல நின்று தண்ணீரை மறித்துவிடும். அதனால்தான் ஓடைக்குக் குறுக்கே எதைக் கட்டினாலும் அந்த நீர்நிலைக்குப் பொறுப்பான துறையின் ஒப்புதல் தேவை. ஆனால் ஒப்புதல் வேண்டும் என்பது வேறு, கட்டவே கூடாது என்பது வேறு.

2017ஆம் ஆண்டின் ஈரநில விதிகள், ஆக்கிரமிப்பையும் குப்பை கொட்டுவதையும் கழிவுநீர் விடுவதையும் தடை செய்கின்றன. வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டுமானத்துக்கும் தடை உண்டு. ஆனால் ஆற்று வழிகள், நெல் வயல்கள், பாசனத்துக்காக மனிதர் வெட்டிய நீர்நிலைகள் ஆகியவை அந்த விதிகளின் வரையறைக்குள் வருவதில்லை. 2007ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்புச் சட்டமோ, ஏரியை அளந்து ஆக்கிரமிப்பை அகற்றுவதற்கானது. உரிய ஒப்புதலோடு அரசே கட்டும் பாலம் ஆக்கிரமிப்பு ஆகாது. நெடுஞ்சாலைகள் எத்தனை ஓடைகளைக் கடந்து போகின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

பாதை தனியார் நிலத்தில் போனாலும் வழி இருக்கிறது. ஆதிதிராவிடர் குடியிருப்புக்கும் சுடுகாட்டுக்கும் பாதை அமைக்க நிலம் எடுக்க 1978ஆம் ஆண்டிலேயே தமிழ்நாடு தனிச் சட்டம் இயற்றியுள்ளது. பொதுப் பாதையையோ சுடுகாட்டையோ நாம் பயன்படுத்தவிடாமல் சாதியின் பேரில் தடுப்பது, 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

படித்த பிள்ளைகள் செய்யக்கூடியது இதுதான். முதலில் அந்த இடத்தின் புலப்படத்தையும் 'அ' பதிவேட்டு நகலையும் வாங்குங்கள். ஓடை எந்த சர்வே எண், பாதை வரைபடத்தில் இருக்கிறதா என்பது அதில் தெரியும். அடுத்து, நீர்நிலை யார் பொறுப்பு என்று பாருங்கள். 100 ஏக்கருக்குக் குறைவான ஆயக்கட்டு உள்ள ஏரி ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்தது. அதற்கு மேல் என்றால் நீர்வளத்துறை. கிராம சபையில் தீர்மானம் போடச் சொல்லி நகலைக் கேட்டு வாங்குங்கள். அதை இணைத்து, திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் ஆட்சியரிடம் மனு கொடுங்கள். ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

"அனுமதி கிடையாது" என்று வாய்மொழியாகச் சொன்னால் விட்டுவிடாதீர்கள். எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். எழுத்தில் காரணம் சொல்ல வேண்டி வந்தால், இல்லாத தடையைக் காட்டுவது எளிதல்ல.

1927 மார்ச் 20 அன்று மகாட் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தார் அண்ணல் அம்பேத்கர். பொதுநீர் எல்லோருக்கும் உரியது என்பதற்கான போராட்டம் அது. ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கும் சுடுகாட்டுக்கு நனையாமல் போய்ச் சேரும் உரிமையும் அதைச் சேர்ந்ததுதான். அடுத்த மழைக்குள் மனுவை எழுதுங்கள்.